மூன்று துறை இயக்குநர்களுக்கு, ஒரு வயற்கொசுவைப் பற்றி

தமிழ்நாடு அரசின் பொது சுகாதாரத் துறை, கால்நடை பராமரிப்புத் துறை, வேளாண்மைத் துறை ஆகியவற்றின் இயக்குநர்களுக்கு,

பெருமதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர், வணக்கம்.

நெல் விளையும் ஊர்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கால்நடை உதவி மருத்துவராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். மூவருக்கும் தனித்தனியாக எழுதாமல் ஒரே மடலாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. தனித்தனியாக எழுதினால், 'உரிய துறைக்கு அனுப்பப்படுகிறது' என்ற குறிப்போடு கடிதம் அடுத்த அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்தும் அதே குறிப்போடு மற்றோர் அலுவலகத்துக்குப் போகும். அப்படிப்பட்ட குறிப்புகளை நானே நிறைய எழுதியிருக்கிறேன். நான் சொல்லவரும் கொசுவோ நெல்வயலில் முட்டையிட்டு, மாட்டுத் தொழுவத்திலும் பன்றிக் கொட்டிலிலும் ரத்தம் குடித்து, கடைசியில் ஒரு குழந்தையை மருத்துவமனைக்கு அனுப்பிவைக்கிற கொசு. ஆகவே உங்கள் மூவரையும் ஒரே தாளில் விளிக்க வேண்டியிருக்கிறது.

கொசு என்றாலே இப்போது டெங்குதான் நினைவுக்கு வருகிறது. வீட்டுக்கு வீடு வந்து தொட்டியைத் திறந்து பார்க்கிறார்கள். கொட்டாங்குச்சியைக் கவிழ்க்கச் சொல்கிறார்கள். குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டைக்கூட எட்டிப் பார்க்கிறார்கள். அது தேவையான வேலை, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்த வேலை முழுவதும் நல்ல தண்ணீரில் பெருகிப் பகலில் மனிதரைத் தேடிக் கடிக்கும் ஏடிஸ் கொசுவுக்கு உரியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்புவது கியூலெக்ஸ் இனத்தைச் சேர்ந்த வேறு கொசு. கியூலெக்ஸ் டிரைடீனியோரிங்கஸ் என்பது அதன் முழுப்பெயர். வாயில் நுழையாத பெயராக இருப்பதால் இம்மடலில் அதை வயற்கொசு என்றே எழுதுகிறேன். செம்பழுப்பு நிறத்தில் சிறியதாக இருக்கும். கைவிளக்கு வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் கடிக்கும் ஊசியின் நடுவே வெளிறிய வளையம் ஒன்று தெரியும். பொழுது சாய்ந்த பிறகு வீட்டுக்கு வெளியே மாடுகளை மொய்க்கும். குடித்து முடித்ததும் வீட்டுச் சுவரில் ஒதுங்காமல் புல்லிலும் புதரிலும் போய் உட்காரும். நம் வீட்டுத் தொட்டியோடு அதற்கு ஒரு வேலையும் இல்லை.

இதை நான் புத்தகத்தில் படித்ததோடு நிறுத்திக்கொண்டிருந்தால் இப்போது இந்த மடல் வந்திராது. பணிக்காலத்தின் நடுப்பகுதியில், ஓர் ஐப்பசி மாதம், அடைமழை இரண்டு நாள் விட்டிருந்த காலை வேளையில், ஊர் ஓரத்துப் பன்றிக் கொட்டிலிலிருந்து ஓர் அம்மா என்னை அழைத்துவர ஆள் அனுப்பியிருந்தார். அவருடைய தாய்ப்பன்றி நாள் தள்ளிக் குட்டி ஈன்றிருந்தது. யூரியாச் சாக்கு ஒன்றை விரித்து அதன்மேல் குட்டிகளை வரிசையாகக் கிடத்தியிருந்தார். கடைசி இரண்டு மட்டும் முழு வளர்ச்சி பெற்றவை. அவற்றில் ஒன்று இறந்தே பிறந்தது, மற்றொன்று கால்களை உதறிக்கொண்டிருந்து என் கண்முன்னே அடங்கியது. மீதியெல்லாம் வெவ்வேறு அளவில் இருந்தன. சாண் நீளம், விரல் நீளம், அதற்கும் சிறியது என்று, தோல் கறுத்துச் சுருங்கி, காயவைத்த பழம்போல. வயிற்றுக்குள் வெவ்வேறு நாளில் உயிர்விட்டுத் தங்கிப்போனவை அவை. "வெயில் பட்டுச்சுன்னா இப்படி ஆகுமா டாக்டரய்யா?" என்று கேட்டார். தாய்ப்பன்றிக்கோ காய்ச்சல் இல்லை, தீனியும் நன்றாக எடுத்துக்கொண்டிருந்தது.

நான் பதிவேட்டில் 'குட்டி வீச்சு. காரணம் அறியப்படவில்லை' என்று எழுதினேன். ரத்தம் எடுக்கவில்லை. குட்டிகளை ஆய்வகத்துக்கு அனுப்பவில்லை. புதைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு வாரத்துக்குள் அதே ஊரின் வேறொரு தெருவில் ஆறு வயதுப் பையன் ஒருவன் காய்ச்சலில் கிடந்து, வலிப்பு வந்து, நினைவு தப்பி மாவட்ட மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டான். பிழைத்தான், ஆனால் பேச்சு திரும்பவில்லை. பன்றியின் கருச்சிதைவுக்குப் பார்வோ வைரஸ் உட்படப் பல காரணங்கள் இருக்கலாம். பையனின் காய்ச்சலுக்கும் அப்படியே. இரண்டும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது, ஏனென்றால் பரிசோதனைக்கு உரிய ஒன்றை நான் குழியில் போட்டு மூடிவிட்டேன். பையனைப் பற்றி எனக்குத் தெரிந்ததே தேநீர்க் கடையில் கேட்டுத்தான். என் பதிவேட்டிலிருந்து சுகாதார நிலையத்துக்குப் போகும் வழி ஏதும் எனக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை. தேடவும் நான் முயலவில்லை.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸின் சுற்று எப்படிப்பட்டது என்பதைச் சுகாதாரத் துறை வல்லுநர்கள் அறிவார்கள். ஆயினும் மற்ற இரு துறையினருக்காகவும், இந்த மடலைப் படிக்கும் பொதுமக்களுக்காகவும் அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இயற்கையில் இந்த வைரஸின் தங்குமிடம் நீர்ப்பறவைகள்: நம் வயல்களில் நிற்கும் மடையான், மாட்டின் பின்னால் திரியும் உண்ணிக்கொக்கு, இரவில் இரைதேடும் வக்கா போன்றவை. வைரஸ் அவற்றின் உடலில் பெருகினாலும் நோயென்று வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது. பறவையைக் கடித்த கொசு பன்றியைக் கடித்தால், பன்றியின் ரத்தத்தில் வைரஸ் சில நாட்கள் மிகுந்த அளவில் ஓடுகிறது. அந்தச் சில நாட்களில் கடிக்கும் கொசுக்கள் அத்தனையும் வைரஸை வாங்கிக்கொள்ளும். வளர்ந்த பன்றிக்குக் காய்ச்சல்கூட வராமல் போகலாம். சினைப் பன்றியாக இருந்தால் நான் பார்த்த சாக்கு. கிடாப் பன்றியாக இருந்தால் சில காலம் மலட்டுத்தன்மை. ஒருமுறை தொற்றிய பன்றிக்கு எதிர்ப்பாற்றல் வந்துவிடுகிறது, ஆனால் பன்றி ஆண்டுதோறும் ஈத்து ஈத்தாகக் குட்டி போடுவது. தாயிடமிருந்து குட்டிக்கு வந்த எதிர்ப்பாற்றலும் சில மாதங்களில் கரைந்துவிடும். எனவே ஒவ்வொரு மழைக்காலத்திலும் வைரஸுக்குப் புதிய குட்டிகள் காத்திருக்கின்றன.

மனிதனின் இடம் இந்தச் சுற்றுக்கு வெளியே இருக்கிறது. நம் ரத்தத்தில் வைரஸ் இருக்கும் காலமும் அளவும் மிகக் குறைவாக இருப்பதால், நோயுற்ற குழந்தையைக் கடிக்கும் கொசு அந்த நோயைப் பிறருக்குக் கொண்டுபோக முடியாது. மாடும் அப்படித்தான். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. வயற்கொசு பெரும்பாலும் விரும்புவது மாட்டு ரத்தத்தை. மாடு வைரஸைப் பெருக்குவதில்லை என்பதால், மாடுகள் மிகுந்த ஊரில் கொசுக்கடியின் பெரும்பங்கு வீணான இடத்தில் விழுகிறது. நம் மாநிலத்தில் பன்றிகள் குறைவாகவும் மாடுகள் மிகுதியாகவும் இருப்பது ஓரளவு நமக்குக் காப்பாக இருந்திருக்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுவது இதனால்தான். ஆனால் அதே மாடுகள்தாம் கொசுக் கூட்டத்துக்குத் தீனி போட்டு அதைப் பெருக்கவும் செய்கின்றன. தொழுவத்தை ஒட்டிக் கட்டிலைப் போட்டு உறங்கும் குடும்பத்துக்கு இந்தக் கணக்கின் எந்தப் பக்கம் வாய்க்கும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது.

கொசு ஒரு ஊசியைப்போல ஒருவர் ரத்தத்தை மற்றவருக்கு ஏற்றிவிடுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியானால் எய்ட்ஸ் ஏன் கொசுவால் பரவுவதில்லை என்று கால்நடை முகாம்களில் என்னிடம் கேட்டவர்கள் உண்டு, நல்ல கேள்விதான். கொசு குடித்த ரத்தம் அதன் வயிற்றில் செரித்துப் போகிறது, எச்.ஐ.வி. அதோடு சேர்ந்து அழிந்துவிடுகிறது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸோ கொசுவின் குடல் செல்களுக்குள் புகுந்து, பெருகி, உடல் முழுதும் பரவி, உமிழ்நீர்ச் சுரப்பியைச் சென்றடைய வல்லது. அதற்கு வெப்பநிலையைப் பொறுத்து ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். அதன்பின் அந்தக் கொசு சாகும்வரை ஒவ்வொரு கடியிலும் உமிழ்நீரோடு வைரஸைச் செலுத்திக்கொண்டே இருக்கும். கொட்டிலில் தொற்று ஏறுவதற்கும் குழந்தைக்குக் காய்ச்சல் வருவதற்கும் இடையே இந்தக் கொசுவுக்குள் கழியும் நாட்களும், கடித்த பிறகு 4 முதல் 14 நாள் வரையிலான நோயரும்பு காலமும் இருக்கின்றன. கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய இரண்டு வாரத்திலிருந்து நான்கு வாரம் வரை. நான் உங்களிடம் கேட்கப்போவதெல்லாம் அந்த வாரங்களைப் பற்றியதுதான்.

நோயின் பெயரில் ஜப்பான் இருப்பதால் இது எங்கோ இருக்கும் நோய் என்ற எண்ணம் படித்தவர்களிடம்கூட இருக்கிறது. 1924-இல் ஜப்பானில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கியதும், 1935-இல் அங்கே வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டதும் பெயருக்குக் காரணம். இந்தியாவில் மனிதரிடம் இந்நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் வேலூரில், 1955-இல். அன்றைய வட ஆற்காடு மாவட்டத்துக் கியூலெக்ஸ் கொசுக்களிலிருந்தே அந்தப் பத்தாண்டுக்குள் வைரஸும் பிரித்தெடுக்கப்பட்டது. 1973-இல் மேற்கு வங்கத்தின் பாங்குராவிலும் பர்த்வானிலும் பெருந்தொற்றாக வெடித்து நாட்டின் கவனத்தைப் பெறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அது நம் வீட்டுச் செய்தியாக இருந்தது. 2005-இல் கோரக்பூரை மையமாகக் கொண்டு கிழக்கு உத்தரப் பிரதேசத்தில் 5,700-க்கும் மேற்பட்டோர் நோயுற்று 1,300-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகுதான், 2006-இலிருந்து குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டம் வந்தது. தொற்றுக்குள்ளாகும் பெரும்பாலோருக்கு ஒன்றும் தெரியாது. ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்குத்தான் நோய் கடுமையாகும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படி மூளையைத் தாக்கியவர்களில் முப்பது விழுக்காடு வரை இறக்கலாம். பிழைத்தவர்களில் இருபது முதல் முப்பது விழுக்காட்டினருக்கு நிரந்தரப் பாதிப்பு எஞ்சுகிறது. வைரஸைக் கொல்லும் மருந்து இதுவரை இல்லை.

வேளாண்மை இயக்குநர் அவர்களுக்கு முதலில் சொல்கிறேன், ஏனென்றால் கதை தொடங்குவது உங்கள் நிலத்தில். நடவு முடிந்து, பயிர் இன்னும் தழைத்து நீரை மூடாத முதல் சில வாரங்களில்தான் வயற்கொசுவின் புழுக்கள் வயலில் மிகுதியாக இருக்கும். அந்த வாரங்களில்தான் மேலுரமாக யூரியாவும் விழுகிறது. தழைச்சத்து உரம் இட்ட வயலில் கியூலெக்ஸ் புழுக்கள் பெருகுவதை மதுரையில் இயங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தார் தென்னிந்திய வயல்களிலேயே ஆய்ந்து எழுதியிருக்கிறார்கள். அதே மையத்தார் வேப்பம் பிண்ணாக்கு கலந்த யூரியாவை வயலில் இட்டுப் பார்த்ததில் புழுக்கள் குறைந்தன, விளைச்சலும் கெடவில்லை. 2015-இலிருந்து நாட்டில் விற்கும் யூரியா முழுவதும் வேம்பு பூசியதாகவே வரவேண்டும் என்று நடுவண் அரசு விதித்திருப்பது உண்மை. ஆனால் அந்தப் பூச்சு தழைச்சத்து வீணாகாமல் இருக்கவும் யூரியா வேறு தொழிலுக்குக் கடத்தப்படாமல் இருக்கவும் போடப்படும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. அதைக் காட்டிக் கொசுக்கணக்கை முடித்துவிடக் கூடாது.

இன்னொரு வழி உங்கள் கையேடுகளிலேயே பல ஆண்டுகளாக இருக்கிறது. நீர் மறைய நீர் கட்டுங்கள் என்று திருந்திய நெல் சாகுபடிப் பயிற்சிகளில் உங்கள் அலுவலர்கள் சொல்லாத நாள் இல்லை. துளையிட்ட குழாயை வயலில் புதைத்து, நீர்மட்டம் மண்பரப்புக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பின் பாய்ச்சினால் போதும் என்று செய்தும் காட்டியிருக்கிறீர்கள். தண்ணீர் மிச்சம், மின்சாரம் மிச்சம் என்று மட்டும் சொல்லிவந்த அந்தச் செய்தியோடு கொசுவையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆனால் ஒரு விவசாயி மட்டும் செய்தால் பயனில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முட்டையிலிருந்து கொசுவாக வெளிவர ஒரு வாரம், பத்து நாள் போதும். அந்தக் காலத்துக்குள் வயல் ஒருமுறை நன்றாகச் சுண்ட வேண்டும். மேடு பள்ளமாகக் கிடக்கும் வயலில் குளம்படி பதிந்த குழிகளில் தேங்கும் நீரே புழுக்களுக்குப் போதும். ஒரு மதகின் கீழுள்ள வயல்கள் அனைத்தும் ஒரே சுற்றில் காய்ந்தால்தான் கொசு குறையும். மழை விடாமல் பெய்யும் ஐப்பசி கார்த்திகையில் டெல்டாவில் இது நடவாத காரியம், அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆழ்குழாய்க் கிணற்றுப் பாசனம் நடக்கும் மேட்டுப் பகுதிகளில், நீர் பாய்ச்சுவது விவசாயியின் கையில் இருக்கும் ஊர்களில், இது நடக்கும்.

புகைமருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு குழந்தை இறந்த செய்தி வந்ததும் அன்று மாலையே தெருவில் புகைவண்டி வருகிறது. ஊரும் ஏதோ நடக்கிறது என்று ஆறுதல் கொள்கிறது. வயல்வரப்புப் புல்லில் உட்கார்ந்திருக்கும் கொசுவுக்கு அந்தப் புகை போய்ச் சேர்வது அரிது. தொற்று வெடித்த வேளையில் அதற்கும் ஓர் இடம் உண்டு என்றாலும், ஆண்டு முழுவதற்குமான வேலையாக அதைக் கணக்குக் காட்ட முடியாது.

கால்நடை இயக்குநர் அவர்களே, என் துறை என்பதால் உங்களிடம் உரிமையோடு பேசுகிறேன். இந்த நோயில் முதல் தகவல் நம்மிடம்தான் வருகிறது. ஜப்பானில் இப்போது ஆண்டுக்கு மிகச் சிலருக்கே இந்நோய் வருகிறது; ஆனாலும் 1960-களில் தொடங்கிய பழக்கத்தை விடாமல், கோடைதோறும் அறுவைக்கு வரும் இளம் பன்றிகளின் ரத்தத்தைச் சோதித்து, எந்தப் பகுதியில் வைரஸ் சுற்றத் தொடங்கியிருக்கிறது என்று அறிவிக்கிறார்கள். தென் கொரியாவில் ஒவ்வோர் ஆண்டும் வயற்கொசு முதன்முதலாகப் பொறியில் சிக்கியதுமே நாடு முழுவதற்கும் எச்சரிக்கை விடுகிறார்கள். இத்தகைய ஏற்பாடு இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியா இருக்கிறது. 2022 தொடக்கத்தில் அதன் தென்கிழக்கு மாநிலங்களின் பண்ணைகளில் பன்றிக்குட்டிகள் இறந்தும் உருக்குலைந்தும் பிறந்தன. அவற்றைச் சோதித்தபோதுதான் அதுவரை வடக்கு ஓரத்தில் மட்டும் தலைகாட்டிவந்த வைரஸ் நாட்டின் உள்ளே வந்துவிட்டது தெரிந்தது. எண்பதுக்கும் மேற்பட்ட பண்ணைகளில் தொற்று. அந்தப் பருவத்தில் மனிதர் 45 பேருக்கு நோய், 7 பேர் இறந்தனர். செத்த குட்டிகளை ஆய்வகத்துக்கு அனுப்பியவர்கள் இருந்ததால் அவர்களுக்கு அதுவாவது தெரிந்தது.

பன்றி குறைந்த நம் ஊர்களில் இத்தகைய கண்காணிப்புக்கு ஆடு ஏற்ற விலங்கு. ஆட்டுக்கு இந்நோய் வருவதில்லை, வைரஸை அது பெருக்குவதும் இல்லை. ஆனால் தொற்றிய கொசு கடித்தால் ரத்தத்தில் எதிர்ப்பொருள் தோன்றும். முன்பு சொன்ன மதுரை மையத்தார் கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலம் பக்கத்துச் சிற்றூர்களில் ஆண்டுக்கணக்காக, பொழுது சாய்ந்த முதல் ஒரு மணி நேரம் தொழுவங்களில் கைவிளக்கும் உறிஞ்சுகுழலுமாகக் கொசு பிடித்து, அதே ஊர் ஆடுகளின் ரத்தத்தையும் எடுத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். மாதிரி அங்கே உருவாகிவிட்டது. ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசிக்கு ஆடுகள் எப்படியும் வரிசையில் வந்து நிற்கின்றன; பிறந்து ஒரு மழைக்காலம் காணாத குட்டிகளாகப் பார்த்துச் சில மில்லி ரத்தம் எடுத்து, காதில் அடையாள வில்லை மாட்டி, மாதம் ஒருமுறை அதே குட்டியைத் தேடிப்போய்ப் பார்ப்பது ஒரு கால்நடை ஆய்வாளரால் முடிகிற வேலை. அதோடு, பன்றி குட்டி வீசினால் புதைக்கும் முன் தகவல் சொல்லவேண்டும் என்பதும், சொன்னவருக்கு அதனால் இடைஞ்சல் வராது என்பதும் ஊருக்குத் தெரிய வேண்டும்.

இந்த இடைஞ்சல் என்பதைச் சாதாரணமாகச் சொல்லவில்லை. பன்றி வளர்ப்பவர்கள் பெரும்பாலும் ஊரின் ஓரத்தில், ஊராரின் முகச்சுளிப்புக்கு நடுவே வாழ்கிறவர்கள். மூளைக்காய்ச்சல் செய்தி வந்தவுடன் பன்றி பிடிக்கும் வண்டி வருவதையும், கொட்டிலைக் காலிசெய்யச் சொல்வதையும் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அடுத்த முறை குட்டி செத்துப் பிறந்தால் அவர்கள் நம்மைக் கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்ப்பது எந்த நியாயத்தில்? கொட்டிலைக் குடியிருப்பிலிருந்து தள்ளி வைப்பதும், அந்திக்குப் பிறகு கொசுவலைத் துணி கட்டுவதும் பயன் தரும் வேலைகள்தாம். அதற்கு மாற்று இடமும் வலைக்கான காசும் அரசு தரவேண்டும். நோயை நமக்கு முதலில் காட்டித்தரப் போகிறவர்கள் அவர்கள் என்பதை நினைவில் வைத்து அவர்களிடம் பேச வேண்டும்.

சுகாதார இயக்குநர் அவர்களுக்கு. நோய் காணப்படும் மாவட்டங்களில் ஒன்பது மாதத்திலும் பதினாறிலிருந்து இருபத்துநான்கு மாதத்துக்குள்ளும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி இரண்டு தவணையாகப் போடப்படுகிறது. கர்நாடகத்துக் கோலாரில் கிடைத்த வைரஸிலிருந்தே உருவான இந்தியத் தடுப்பூசியும் 2013 முதல் நம்மிடம் இருக்கிறது. குழந்தைகளைக் காக்க இதைவிட உறுதியான கருவி வேறில்லை. ஆனால் தட்டம்மைத் தடுப்பூசிக்குப் போடும் கணக்கை இதற்குப் போட இயலாது. தட்டம்மையில் பெரும்பாலோருக்கு ஊசி போட்டுவிட்டால் பரவும் சங்கிலி அறுந்து, போடாத குழந்தையும் தப்பிக்கிறது. இங்கே சங்கிலி மனிதர் வழியாக ஓடவே இல்லை. ஊரில் தொண்ணூறு விழுக்காடு குழந்தைகளுக்குப் போட்டாலும் கொக்கும் பன்றியும் கொசுவும் முன்போலவே வைரஸைச் சுற்றிவிட்டுக்கொண்டிருக்கும். விடுபட்ட பத்துப் பேருக்கு ஆபத்து எள்ளளவும் குறையாது. விடுபடுகிறவர்கள் யார் என்றும் நமக்குத் தெரியும். செங்கல் சூளைக்குப் போகும் குடும்பங்கள், கரும்பு வெட்டப் போகிறவர்கள், அறுவடை முடிந்த வயல்தோறும் வாத்துக் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராய்ப் போகிறவர்கள், பன்றி வளர்ப்போர். கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் அவர்கள் 'வெளியூர்' என்ற ஒற்றைச் சொல்லாக நின்றுவிடுகிறார்கள். கால்நடை மருந்தகத்தின் ஏடுகளில் அவர்களில் பலரின் பெயரும், எந்த மாதம் எந்த ஊர் என்பதும்கூட இருக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நோயைப் பெயரிடுவதில் பதற்றம் கூடாது என்பதற்கு மலேசியாவின் அனுபவத்தை நினைவூட்டுகிறேன். 1998 இறுதியில் பேராக் மாநிலத்துப் பன்றிப் பண்ணையாளர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தபோது, பன்றி, கொசு, மூளைக்காய்ச்சல் மூன்றும் சேர்ந்திருந்ததால் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவுகட்டிப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஊசி போட்டவர்களும் நோயுற்றார்கள். பெரும்பாலும் பன்றியைத் தொட்டு வேலை செய்த ஆண்களுக்கே வந்தது. அதே வீட்டில் உறங்கிய குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வரவில்லை. பன்றிகள் குரைப்பதுபோல இருமின. கொசு ஆளைத் தெரிந்துகொண்டா கடிக்கும் என்ற கேள்வியை உரிய வேளையில் கேட்டிருக்கலாம். 1999 மார்ச்சில்தான் அது ஒரு புதிய வைரஸ் என்று தெரிந்தது. வௌவாலிலிருந்து பன்றிக்கு வந்த அந்த வைரஸுக்கு நிபா என்று பெயரிட்டார்கள். அதற்குள் நோய் நெகிரி செம்பிலான் மாநிலத்துக்கும் போய்விட்டது. மலேசியாவில் 265 பேருக்கு நோய், 105 பேர் இறப்பு, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிப்பு. பன்றிகளின் இருமலைப் பார்த்த கால்நடை மருத்துவரும் நோயாளிகளின் வயதைப் பார்த்த மருத்துவரும் முன்னமே ஒரு மேசையில் உட்கார்ந்திருந்தால் அந்த மாதங்களில் சில மிஞ்சியிருக்கும் என்பது என் கருத்து.

நமக்கும் அந்த ஆபத்து இருக்கிறது. மூளைக்காய்ச்சல் என்ற ஒரே சொல்லை நாம் பத்து நோய்களுக்கு வழங்குகிறோம். டெங்கு, வெஸ்ட் நைல், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஆகிய மூன்று வைரஸ்களும் ஒரே குடும்பத்தவை. ஒன்றுக்கான எதிர்ப்பொருள் மற்றொன்றின் பரிசோதனையில் பொய்யாகக் காட்டக்கூடும். வெஸ்ட் நைல் கேரளத்தில் 2011-இல் ஆலப்புழையிலும், 2019-இல் மலப்புரத்திலும் தெரியவந்தது. பாலக்காட்டுக் கணவாய் கொசுவுக்கு அகலமானதுதான். கோரக்பூரிலோ, வைரஸ் என்றே பல ஆண்டு எண்ணப்பட்ட காய்ச்சல்களில் பெரும்பங்கு உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைபஸ் என்று பின்னாளில் தெரிந்தது. அது உரிய வேளையில் விலை மலிந்த மாத்திரையால் தீரும் நோய். ஆகையால் மூளைக்காய்ச்சலோடு வரும் ஒவ்வொரு குழந்தையின் தண்டுவட நீரும் சோதிக்கப்பட வேண்டும். முடிவு வரும் வரை அந்த ஊரின் ஆடு, பன்றி, கொசு பற்றிய தகவலும் சிகிச்சை தரும் மருத்துவரின் கையில் இருக்க வேண்டும்.

பெரிய திட்டம் எதையும் நான் கேட்கவில்லை. வரும் சம்பாப் பருவத்துக்கு, நெல்லும் கொட்டிலும் அருகருகே இருக்கும் ஏதேனும் ஓர் ஊராட்சி ஒன்றியத்தைத் தேர்ந்தெடுங்கள். வேளாண்மை உதவி அலுவலர் எந்த ஊரில் எந்த வாரம் நடவு, மேலுரம் என்று எழுதட்டும். கால்நடை மருத்துவர் ஆட்டுக்குட்டிகளின் ரத்த முடிவையும் பன்றிகளின் குட்டி வீச்சையும் எழுதட்டும். சுகாதார ஆய்வாளர் தொழுவத்தில் பிடிபட்ட கொசுக்களின் எண்ணிக்கையையும், காய்ச்சலோடு வலிப்பு வந்தவர்களையும், தடுப்பூசி விடுபட்டவர்களையும் எழுதட்டும். எல்லாம் ஒரே தாளில், வாரத்துக்கு ஒரு பக்கம். புரட்டாசியிலிருந்து தை வரை மூவரும் திங்கட்கிழமைதோறும் அந்தத் தாளோடு அரை மணி நேரம் உட்காரட்டும். ஆட்டின் ரத்தத்தில் அடையாளம் தெரிந்த வாரமே அந்த ஊரில் விடுபட்ட குழந்தைகளுக்கு ஊசி போகட்டும். அந்திக்கு மேல் வெளியே படுக்க வேண்டாம், கைகால் மூடி வலைக்குள் படுங்கள் என்று வீடு வீடாகச் சொல்லட்டும். ஊசியின் பலன் சேர நாளாகும் என்பதால் வலையும் எச்சரிக்கையும் அன்றே தொடங்க வேண்டும்.

அந்த ஒன்றியத்தில் ஊதியமின்றி உடனிருந்து உதவ நான் அணியமாக இருக்கிறேன். கொட்டில்காரர்களில் பலருக்கு என்னை இன்னும் தெரியும். என் சொந்த நாட்குறிப்புகள் பதினான்கு என் வசம் இருக்கின்றன. எந்த ஊரில் எந்த மாதம் பன்றி குட்டி வீசியது என்பது அவற்றில் இருக்கிறது. 'காரணம் அறியப்படவில்லை' என்று எழுதிய பக்கங்களின் மூலையை மடித்து வைத்திருக்கிறேன். கேட்டால் மூவருக்கும் படியெடுத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கால்நடை உதவி மருத்துவர் ஒருவர்